நவம்பர் ஒன்றாம் தேதி பம்பாய்க்கு லீவு இல்லை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வாய் வராது. இருபத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியதில் ஒட்டிக்கொண்ட வியாதி அது. மேசைக்கு முன்னால் நிற்பவரிடம் தெரியாது என்றால், அவர் நேராக அடுத்த மேசைக்குப் போவார். அங்கே இருக்கிறவள் சொல்லிவிட்டால் என் மானம் கப்பலேறும். அதனால் "பாக்கலாங்க", "ஃபைலு மேல போயிருக்கு", "திங்கக்கெழம வாங்க" என்று எதையாவது சொல்லி அனுப்பிவிட்டு, அவர் படி இறங்கியதும் ஓடிப்போய்த் தெரிந்துகொள்வேன். பங்குச் சந்தையின் பாஷையை நான் கற்றதும் இந்த வழியில்தான்.

அப்போது நாங்கள் காரைக்கால் டவுனில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தோம். கோட்டுச்சேரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. என் கணவர் தினம் விடிந்ததும் பைக்கில் போய் வயலைப் பார்த்துவிட்டு, ஏதோ வயல் இவரைக் கேட்டுத்தான் விளைகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வருவார். எனக்கு ஆபீஸ் டவுனில், நடந்து போகிற தூரம்.

கீழ்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர் இருந்தார். அறுபது வயதுப் பெண்மணி, கணவர் இல்லை, ஒரே மகன் துபாயில். இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். நானும் லாத்தா என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார், வாடகை தாமதமானால் மட்டும் "மேல்வீட்டும்மா" என்பார். முன்னறையில் மூன்று பீரோ நிறையத் துணி வைத்து வியாபாரம் செய்தார். நைட்டி, கைலி, துப்பட்டி, போர்வை, வெளிநாட்டு சென்ட்டு. பெயர்ப்பலகை கிடையாது, ஆனால் திருவேட்டக்குடியிலிருந்துகூடப் பெண்கள் பஸ் ஏறி வருவார்கள். விலையில் பேரம் கிடையாது என்பது லாத்தாவின் சட்டம். நைட்டிக்கு இருபது ரூபாய் குறைக்காமல் அந்த அறையை விட்டு வெளியே வருவதில்லை என்பது என் சட்டம். பதினொரு வருடமாக என் சட்டம்தான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் லாத்தா ஒரு கவரைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, நீ ஆபீசுல இருக்கிறவ. இது என்னான்னு பாத்துச் சொல்லு."

பிரித்துப் பார்த்தேன். வியாபாரத்தில் மிச்சம் பிடித்த காசைப் போட்டு மகன் சில வருடங்களுக்கு முன் அவர் பெயரில் பங்கு வாங்கிக் கொடுத்திருக்கிறான். வட்டிக் கம்பெனி வேண்டாம், சாராயக் கம்பெனி வேண்டாம் என்று லாத்தா ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, கடைசியில் தண்ணீர்க் குழாய் செய்கிற கம்பெனி ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அந்தக் கணக்குக்கு வந்த வருடாந்திரக் கடிதம் அது. டீமேட், ஹோல்டிங், டெபாசிட்டரி என்று ஏதேதோ இருந்தது. எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.

"பாக்கலாம் லாத்தா. கவர இங்க வச்சிட்டுப் போங்க."

"ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாம என்ன. நெதானமாப் படிக்கணும்ல."

அன்றைக்கு எனக்கு ஏறிய வேகம் கொஞ்சநஞ்சமல்ல. இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். செல்போனில் வீடியோக்களாகப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் லாத்தாவின் கணக்கு இருந்த பங்குத் தரகு நிறுவனத்தின் கிளை இருந்தது; அங்கே போய் உட்கார்ந்து மேனேஜரைக் குடைந்தேன். வழுக்கைத் தலை, பொறுமையான மனிதர். அந்தக் கோடையில்தான் மாற்றலாகி வந்திருந்தார், மயிலாடுதுறையிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போவார். கிளைக்கு மேனேஜரும் அவரே, மின்விசிறி போடுகிறவரும் அவரே. என்னை "மேடம்" என்று அவர் கூப்பிட்டதில் எனக்கு இன்னும் இரண்டு அங்குலம் உயரம் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கீழ்வீட்டில் எங்கள் பாடம் நடக்கும். பாடம் என் வாயில், இறால் வாடா லாத்தாவின் அடுப்பில். வடை மாதிரிதான், அரிசி மாவில் இறால் பதித்துப் பொரிப்பது. நேற்று நான் கற்றதை இன்று அவருக்குச் சொல்லுவேன், என்னவோ பிறந்ததிலிருந்தே தெரிந்த மாதிரி.

"அப்ப என் பங்கு இப்ப எங்கதான் கெடக்கு?"

"பம்பாயில. கம்ப்யூட்டர்ல. காயிதம் எல்லாம் கெடையாது லாத்தா, வெறும் பதிவுதான். அதான் டீமேட்டு."

"வித்தா எப்படிக் குடுக்கிறது? கம்ப்யூட்டரத் தூக்கிக் குடுக்கிறதா?"

"செக்கு புக்கு மாதிரி ஒரு புக்கு குடுத்திருக்காங்கள்ல. அதுல ஒரு சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, மருந்துக்கட மாடியில குடுத்தா, ஒங்க கணக்குலேர்ந்து எடுத்து அனுப்புவாங்க."

கிளியரிங் என்ற சொல்லில்தான் நான் இரண்டு வாரம் திணறினேன். வாங்குகிறவர் யாரோ, விற்கிறவர் யாரோ, நடுவில் ஒரு அமைப்பு நின்றுகொண்டு இருவருக்கும் உத்தரவாதம் கொடுக்கிறது என்று மேனேஜர் சொன்னதை அப்படியே லாத்தாவிடம் ஒப்பித்தேன். லாத்தா வாடாவைத் திருப்பிப் போட்டபடி முகத்தைச் சுளித்தார். பிறகு மண்டபத்தூர் கரைதான் கைகொடுத்தது.

"மண்டபத்தூர்ல மீன் ஏலம் பாத்திருக்கீங்கள்ல. படகுக்காரருக்கு, மீன எந்த ஏவாரி எடுத்தாருன்னு கவலையா? ஏலம் கூறுறவருதான் நடுவுல நிக்கிறாரு. ஏவாரி காசு குடுத்தாலும் குடுக்காட்டியும் படகுக்காரருக்கு அவரு குடுத்தே ஆகணும். அதான் கிளியரிங்கு."

"அப்ப ஏலக்காரரு ஏமாந்த ஆளா?"

"அவரா? ரெண்டு பக்கமும் முன்பணம் வாங்கி வச்சிருப்பாரு."

"அப்ப பொழைக்கத் தெரிஞ்சவருதான்," என்று லாத்தா ஒப்புக்கொண்டார்.

விற்றவர் பங்கையும் வாங்கினவர் பணத்தையும் கொண்டுவந்து நடுவில் வைப்பது பே-இன். அவரவருக்கு வரவேண்டியதை எடுத்துக்கொண்டு போவது பே-அவுட். வியாபாரம் நடந்த நாள் டி. அதற்கடுத்த வேலை நாள் டி பிளஸ் ஒன். அதற்கும் அடுத்தது டி பிளஸ் டூ. அன்றைக்குக் காலையில் பே-இன், சாயங்காலம் பே-அவுட், கணக்குத் தீர்ந்தது, அதுதான் செட்டில்மென்ட். இப்போது மறுநாளே தீர்த்துவிடுகிறார்கள். நான் சொல்வது இரண்டாம் நாள் தீர்ந்த காலத்துக் கதை.

"வித்துப்புட்டு, குடுக்காமப் போனா?" என்று கேட்டார் லாத்தா. இந்த மாதிரிக் கேள்விகள் வியாபாரிக்குத்தான் வரும்.

"அது ஷார்ட் டெலிவரி. அப்ப நடுவுல நிக்கிறவங்க ஏலத்துல வேற யாருகிட்டயாவது வாங்கி அந்த மனுசனுக்குக் குடுத்துடுவாங்க. கூடுதலா ஆன காசு, அபராதம், எல்லாம் குடுக்காதவங்க தலையில."

"வித்த பொருளக் குடுக்காம இருக்கிறது பெரிய பாவம் தங்கச்சி."

"அதெல்லாம் வெவரம் தெரியாதவங்களுக்கு நடக்கிறது லாத்தா. நீங்க வாடாவப் பாருங்க, கருகுது."

இதைச் சொன்ன வாய் இதுதான்.

ஆபீசில் எனக்கு 'செட்டில்மென்ட் மேடம்' என்று பெயர் வந்தது. கேலிதான், தெரியும், இருந்தாலும் இனித்தது. வீட்டிலும் விடவில்லை. என் கணவர் தக்காளி வாங்க மறந்து வந்தால் ஷார்ட் டெலிவரி என்பேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், முதலில் தண்ணீர்ச் சொம்பு வரட்டும், பே-இன் ஆகாமல் பே-அவுட் கிடையாது என்பேன். அந்த மனிதர் பாவம், தானே எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்துக்கொள்வார்.

அந்த வருடம் ஐப்பசியில் லாத்தாவின் லாத்தாவிடமிருந்து போன் வந்தது. அவர் கல்யாணமாகி மலேசியா போனவர், பினாங்கில் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் போய்க்கொண்டிருக்கிறது. நடக்க முடிகிறபோதே மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போய்விட வேண்டும், நீயும் வா, ஜித்தாவில் சந்திப்போம், இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு கஅபாவைச் சுற்றுவோம் என்றாராம். அக்காவும் தங்கையும் பார்த்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. போனை வைத்துவிட்டு லாத்தா அழுததை மாடிப்படியில் நின்று நான் பார்த்தேன்.

மகன் பணம் அனுப்புகிறேன் என்றான். லாத்தா ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்.

"இது என் கையால ஒழச்ச காசுலதான் போகணும். மவன் காசு வாணாம். கடன் கிடன் பேச்சே வாணாம். அந்தப் பங்க வித்துடு தங்கச்சி."

உம்ரா ஏற்பாட்டாளர் நாகூர்க்காரர். முன்பணம் போக மிச்சத்தை நவம்பர் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் கட்டவேண்டும், அன்றைக்கு ராத்திரி டிக்கெட் போட்டுவிடுவேன், அதற்குமேல் அந்தக் குழுவில் இடமில்லை என்று சொல்லியிருந்தார். குழாய்க் கம்பெனிப் பங்கு நல்ல விலைக்குப் போகட்டும் என்று நான்தான் காத்திருக்கச் சொன்னேன். அக்டோபர் முப்பத்தொன்று, வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிவந்தேன். லாத்தா மேனேஜருக்குப் போன் செய்து விற்கச் சொன்னார், நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் விற்றது. மேனேஜர் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"மேடம், டி பிளஸ் ஒன் சாயங்காலத்துக்குள்ள ஸ்லிப் நம்ம கைக்கு வந்துடணும்."

"தெரியும் சார். எனக்கா சொல்லணும்."

அன்றைக்குச் சாயங்காலம் லாத்தா சீட்டில் கையெழுத்துப் போட்டார். எண்ணிக்கை, செட்டில்மென்ட் நம்பர் எல்லாம் நான் முத்து முத்தாக எழுதினேன். லாத்தா அதை எடுத்து மடித்தார்.

"நாளைக்கிக் காலையில பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போறேன். அப்பிடியே மாடியேறிக் குடுத்துட்டு வந்துடுறேனே."

"நாளைக்கு லீவு லாத்தா."

என் பீரோக் கதவின் உள்பக்கத்தில் புதுச்சேரி அரசின் விடுமுறைப் பட்டியல் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு லீவுக்கும் சிவப்பு மையில் பொட்டு வைத்திருப்பேன்; சாமி படத்துக்குக்கூட நான் அத்தனை கவனமாகப் பொட்டு வைத்தது கிடையாது. ஆகஸ்ட் பதினாறு எங்களுக்கு லீவு. மாங்கனித் திருவிழாவுக்குக் காரைக்காலுக்கு மட்டும் லீவு. நவம்பர் ஒன்று, புதுச்சேரி விடுதலை நாள், லீவு. பிரெஞ்சுக்காரன் போன நாளுக்கு லீவு விடாமல் வேறு எதற்கு விடுவது. ஆபீஸ் பூட்டு, பாங்கு பூட்டு, பள்ளிக்கூடம் பூட்டு. பிறந்ததிலிருந்து நவம்பர் ஒன்றாம் தேதி ஒரு காகிதம் இந்த ஊரில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்து நான் பார்த்ததில்லை. தெற்கே வாஞ்சூர், வடக்கே பூவம், இரண்டு எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு, அங்கே அது வேலை நாள் என்பது எனக்குத் தெரியாமலில்லை. தெரியும். ஆனால் அது அவர்கள் தலையெழுத்து என்று நினைத்துக்கொள்வேனே தவிர, பம்பாய் எங்கள் பட்டியலில் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விரலை மடக்கி எண்ணினேன். வியாழன் டி. வெள்ளி லீவு. சனி, ஞாயிறு கிடையாது. திங்கள் டி பிளஸ் ஒன்.

"திங்கக்கெழம சாயங்காலம் வரைக்கும் டயம் இருக்கு. செவ்வாய்க்கெழம காசு. நாகூர்க்காரருக்கும் அன்னிக்கிச் சாயங்காலந்தானே, கரெக்டா இருக்கும். சீட்ட என்கிட்ட குடுங்க, ஒங்க பையில கசங்கிடும்."

கொடுத்தார். என் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்துப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. நான் உளுந்து ஊறப்போட்டு வடை சுட்டேன். பதினொரு மணிக்குப் போன் அடித்தது, பார்த்தால் மேனேஜர் நம்பர். எனக்கு ஒரு கொள்கை உண்டு: லீவு நாளில் ஆபீஸ் வாசனை அடிக்கிற எந்தப் போனையும் எடுப்பதில்லை. ஒருதரம் எடுத்தால் ஆயுசுக்கும் கூப்பிடுவார்கள். இரண்டு மணிக்கு மறுபடி அடித்தது.

"யாரு?" என்றார் என் கணவர், வாய் நிறைய வடையுடன்.

"அந்த மருந்துக்கட மாடிக்காரரு. புதுசா வந்தவருல்ல, லீவுன்னு தெரியல போலருக்கு. பாவம், தனியா ஒக்காந்திருக்காரு."

நாலு மணிக்கு மூன்றாம் தடவை அடித்தபோது போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்போது எனக்குச் சிரிப்பு வேறு வந்தது.

திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு, மாலை வரை நேரமிருந்தும் முன்கூட்டியே வந்த பெருமையோடு மருந்துக்கடை மாடி ஏறினேன். சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். மேனேஜர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சீட்டைத் தொடவில்லை.

"மேடம், காலையில பத்தரைக்கு பே-இன் முடிஞ்சிடுச்சுங்க."

"எது? இன்னிக்கு டி பிளஸ் ஒன்னுதானே சார்."

"இன்னிக்கு டி பிளஸ் டூங்க. வெள்ளிக்கெழமதான் டி பிளஸ் ஒன்னு. நான் மூணு தடவ போன் பண்ணேன். அந்தம்மா நம்பர் மழையில கெடைக்கவே இல்ல."

"வெள்ளிக்கெழம நவம்பர் ஒன்னு சார். லீவு."

"யாருக்குங்க?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். பங்கு கொடுக்கப்படவில்லை, ஷார்ட் டெலிவரி. இன்று மதியம் ஏலம். கூடுதல் தொகையும் அபராதமும் லாத்தாவின் கணக்கில் ஏறும். பங்கு லாத்தாவிடமே இருக்கும், விற்ற பணம் வராது. இன்றைக்கே மறுபடி விற்றாலும் பணம் புதன்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் பாடம் நடத்திய அத்தனை சொல்லும் வரிசையாக வந்து என் தலையில் உட்கார்ந்தன.

படி இறங்கிய நிமிடமே நாகூர்க்காரருக்குப் போன் போட்டேன். ஒருநாள், ஒரே ஒருநாள் பொறுங்கள் என்று கெஞ்சினேன். விசா, டிக்கெட் எல்லாம் மொத்தமாக அடிக்கிறேன், ஒருவருக்காக நிறுத்த முடியாதும்மா, அடுத்த குழுவில் போட்டுவிடுகிறேன் என்றார். அடுத்த குழு இரண்டு மாதம் கழித்து. பினாங்கு லாத்தாவுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை. லாத்தா முன்னறையில் கைலிகளை மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. திட்டமாட்டாரா என்று ஏங்கினேன். அவர் கைலியை மடித்து முடித்து, அடுக்கின்மேல் வைத்து, கையால் தட்டிச் சமப்படுத்தினார்.

"ஒனக்கு லீவுன்னா பம்பாய்க்குமா தங்கச்சி லீவு?"

"ஏலத்துல ஆன நட்டம் பூரா நான் கட்டிடுறேன் லாத்தா."

"அது நீதான் கட்டணும். அதுல ஒண்ணும் பேச்சில்ல."

"மிச்சக் காசையும் நாளைக்கி நானே தர்றேன். ஸ்கூட்டர் வாங்க வச்சிருக்கேன். பங்கு வித்துத் திருப்பிக் குடுங்க."

"அப்ப அது கடன்."

"ரெண்டு நாளுதானே லாத்தா."

"ரெண்டு நாளும் கடன்தான். கடன வச்சிக்கிட்டு உம்ராவுக்கு எறங்கச் சொல்றியா? சும்மா குடுத்தா அது தர்மம், அதுவும் வாணாம். நான் என்னா சொன்னேன்? என் கையால ஒழச்ச காசு." அடுத்த கைலியை எடுத்தவர் மடிக்காமலே வைத்துவிட்டார். "எங்க லாத்தா நடக்க மாட்டாம நடந்து வருவா. தனியா நிப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் ஆபீசுக்கும் போகாமல் மாடிக்கு வந்து, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். என்மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம். பீரோக் கதவைத் திறந்து விடுமுறைப் பட்டியலைப் பார்த்து முறைத்தேன். பீரோவில் அடுக்கியிருந்த நைட்டிகளைப் பார்த்தேன், எல்லாம் கீழே வாங்கியவை. அப்படியே எழுந்து கீழே போனேன்.

"லாத்தா, கடையத் தொறங்க."

"என்னாத்துக்கு?"

"நைட்டி வேணும்."

"இந்த நேரத்துலயா? எத்தன?"

"எல்லாம். கைலி, போர்வ, சென்ட்டு, அதுவும்."

லாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

"இது தர்மமா?"

"இல்ல. ஏவாரம். நீங்க விக்கிறீங்க, நான் வாங்குறேன். ஒங்க கையால ஒழச்ச காசு."

"திருப்பிக் கொண்டாந்தா வாங்க மாட்டேன்."

"கொண்டார மாட்டேன்."

"இங்கேயே கெடக்கட்டும், அப்புறம் எடுத்துக்கிறேன்ங்கிற கதை கூடாது. வித்தா சரக்கு ஒன் வீட்டுக்குப் போயிடணும்."

"போயிடும்."

"பேரம்?"

"கெடையாது," என்றேன். பதினொரு வருட சரித்திரம் அந்த ஒரு சொல்லில் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். பாங்கு திறந்ததும் ஸ்கூட்டர் பணத்தை எடுத்துவந்து லாத்தா கையில் கொடுத்தேன். அவர் எண்ணி முடித்த பிறகுதான் பீரோச் சாவியை எடுத்தார். நைட்டி தொண்ணூற்றாறு. கைலி நாற்பது. போர்வை, துப்பட்டி, ஒரு பெட்டி சென்ட்டு. ஒவ்வொன்றாக எடுத்து விலை சொல்லி என் கையில் வைத்தார்.

"நல்லா எண்ணிக்க. அப்பறம் ஷார்ட் டெலிவரின்னு வந்து நிக்காத."

வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்த என் கணவர் சேற்றுக் காலோடு வாசலில் நின்றார். நான் ஒரு கட்டைத் தூக்கி அவர் தோளில் வைத்தேன். ஏழு நடை நடந்தார். கடைசி நடையில்தான் கேட்டார்.

"ஸ்கூட்டர் எங்க?"

"தோள்ல வச்சிருக்கீங்க பாருங்க, அதான்."

கட்டை மாடியில் இறக்கி வைத்துவிட்டுக் கால் கழுவப் போனார். ஆனால் அன்றிலிருந்து ஒரு வருடம், தக்காளி வாங்க மறந்தால் அவரே முந்திக்கொண்டு, "இன்னிக்கி வெள்ளிக்கெழமதானே, லீவுன்னு நெனச்சிட்டேன்," என்பார். நானே பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு நாகூர்க்காரருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. நானே கூடப் போய், ரசீது வாங்கி, தேதியையும் பெயரையும் மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். குழாய்க் கம்பெனிப் பங்கை லாத்தா மறுபடி விற்கவில்லை. அது ஒரு பக்கம் கிடக்கட்டும், உன் வாய்க்கு ஒரு ஞாபகம் வேண்டாமா என்றார். ஏலத்தில் ஆன நட்டத்தை அந்த மாதச் சம்பளத்தில் கட்டினேன்.

அந்த இரண்டரை வாரமும் லாத்தா என்னோடு அளந்துதான் பேசினார். கோபமா, பயண வேலையா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பாடம் நின்றுபோனது. இறால் வாடா வாசனை மட்டும் மாடிக்கு வரும், வாடா வராது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

புறப்படுவதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. உம்ரா போகிறவர்கள் போகுமுன் உறவு, அக்கம்பக்கம் எல்லாரிடமும் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டுப் போவது இங்கே வழக்கம். காலையிலிருந்து லாத்தா தெருவில் வீடு வீடாக ஏறி இறங்குவதைப் பால்கனியில் நின்று பார்த்தேன். மதியம் மாடிப்படியில் சத்தம் கேட்டது. மூச்சு வாங்க மேலே வந்து, வாசலில் நின்று, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, நாளைக்கிப் போறேன். நான் ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்க."

எனக்குப் பொங்கிவிட்டது. "என்ன லாத்தா இது, நான் செஞ்ச வேலைக்கு நீங்க வந்து கேக்குறீங்க. நான்ல ஒங்க கால்ல விழணும்." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"ஒன்னோட தப்பு அன்னிக்கே போச்சே. ஏழு நட தூக்குனாரே ஒன் வீட்டுக்காரரு, அதோட தீந்துச்சு. இப்ப என் கணக்கச் சொல்ல வந்திருக்கேன்."

"ஒங்களுக்கு என்ன கணக்கு?"

லாத்தா கையை விடாமல் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருட்டுக் களையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"அன்னிக்கி நீ பேரம் கெடையாதுன்னியா. நைட்டிக்கி இருவது ரூவா ஏத்திச் சொல்லிட்டேன்."

"தொண்ணூத்தாறுக்குமா?"

"தொண்ணூத்தாறுக்கும். பதினோரு வருசமா நீ கொறச்சே வந்தியே. கை அரிச்சிடுச்சு. எனக்கு ராவெல்லாம் தூக்கமில்ல. இந்தா அந்தக் காசு." முந்தானை முடிச்சிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து என் கையில் திணித்தார். "காசக் குடுத்தாப் பத்தாது. பொறுத்துக்கிட்டேன்னு நீ வாயால சொல்லணும். அப்பதான் நான் போக முடியும்."

ஒரு நிமிடம் அவரை நிற்கவைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆபீஸ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் முகத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம லாத்தா. லீவு. நாளைக்கி வாங்க, ஃபைலப் பாத்துச் சொல்றேன்."

லாத்தா என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து வந்து பார்த்தார். சிரிப்பு அடங்கியதும் லாத்தா மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பொறுத்துக்கொண்டேன் என்று சொன்னேன். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் லீவு நாளில் நான் முடித்துக் கொடுத்த ஒரே ஃபைல் அதுதான்.